காமாலைன்னு எழுதிக் குடுங்க

சிதம்பரம் பஸ்ஸில் ஏறும்போதே உத்திராபதி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். கொரோனா போய் எத்தனை வருஷம் ஆயிற்று! தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற பயம்தான். கடலூரில் இல்லாத மனநல மருத்துவரா? இருக்கிறார்கள். ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் தடுக்கி விழுந்தால் ஒரு தெரிந்த முகத்தின் மேல்தான் விழ வேண்டும்.

மூன்று மாதமாக அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. கோப்பைத் திறந்தால் எழுத்து கண்ணில் படும், புத்தியில் ஏறாது. போன வாரம் அலுவலகக் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் அழுதார். நாற்பத்தாறு வயது மனிதர், எதற்கென்றே தெரியாமல் அழுதார். "லீவு போடுறீங்களா, இல்ல நானே வந்து உங்க ஆபீசர்ட்ட பேசட்டுமா?" என்று மனைவி மாலதி மிரட்டிய பிறகுதான் கிளம்பினார்.

மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். மாத்திரை எழுதினார். "ஒன்றரை மாசம் கண்டிப்பா ரெஸ்ட் வேணும் சார். சர்டிபிகேட் தரேன்" என்றார்.

"மேடம், அதுல மட்டும் காமாலைன்னு எழுதிக் குடுங்க."

"உங்களுக்குக் காமாலை இல்லியே."

"எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்பிடித்தான் மேடம் வாங்கியாருவாங்க."

மருத்துவர் சிரிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

காமாலையின் மகிமை உத்திராபதிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? பன்னிரண்டு வருஷமாக அலுவலகத்தில் விடுப்புப் பிரிவு அவர் கையில். தங்கச்சி கல்யாணத்துக்குக் காமாலை, வீடு கட்டக் காமாலை, ஆருத்ரா தரிசனத்துக்குக் காமாலை. அத்தனையும் நிஜமாக இருந்தால் அந்தக் கட்டடமே மஞ்சளாகியிருக்கும். "காமாலைன்னு வாங்கியாங்க, ஒரு பய கேள்வி கேக்க மாட்டான்" என்று ஆளுக்கு ஆள் வழி சொல்லி அனுப்பியவரே அவர்தான். அவரைக் கேட்காமல் உண்மைச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டியவள் ஒருத்திதான், ஜெயராணி.

அது இரண்டு வருஷத்துக்கு முன்னால். பதினொரு மணி டீ நேரத்தில், ஒரு கையில் கிளாசும் இன்னொரு கையில் அவள் சான்றிதழுமாக நின்று உத்திராபதி எல்லாரும் கேட்க வாசித்தார். "மேஜர் டிப்ரஸிவ் டிஸார்டராம்ப்பா! மெண்டலுக்கு இங்கிலீஷ்ல எம்மாம் பெரிய பேரு பாரு!" பக்கத்து சீட்டு கொளஞ்சியப்பனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. விடுப்பு முடிந்து வந்த ஜெயராணி ஒரு பேனாவைக் கீழே போட்டால்கூட நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலே மாதத்தில் காட்டுமன்னார்கோயிலுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்ததும் இவர்தான்.

சான்றிதழோடு அறையை விட்டு வெளியே வந்தால், பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறாள் அதே ஜெயராணி!

"உத்திராபதி சாரா?"

முகக்கவசமாவது ஒன்றாவது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது அவருக்கு. "ஒரு சொந்தக்காரரைப் பாக்க வந்தேம்மா" என்றார், கையில் தன் பெயர் எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு. அவள் அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"செக்‌ஷன்ல குடுத்துடாதீங்க சார்" என்றாள் மெதுவாக. "கவர்ல போட்டு ஒட்டி நேரா ஆபீசர் கையில குடுங்க. எனக்கு அப்ப அது தெரியல. உங்க கையில குடுத்துட்டேன்."

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். மன்னிப்பு கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ் நிலையத்தில் ஒரு கவர் வாங்கினார். வாங்கிய பிறகுதான் உறைத்தது. ஆபீசர் கவரைப் பிரிப்பார், மூலையில் 'பிரிவு' என்று எழுதுவார், தட்டில் போடுவார். சாயங்காலத்துக்குள் அது விடுப்புப் பிரிவுக்கு வந்து சேரும். இவர் லீவில் போனால் அந்தப் பிரிவைப் பார்க்கப்போவது கொளஞ்சியப்பன்தான். அப்படி வந்த எத்தனை கவரை இவரே வாய்விட்டுப் படித்திருக்கிறார்! பாவம், ஜெயராணிக்கு இது இன்னமும் தெரியாது. கேட்டதும் காமாலை எழுதித் தரக் கடலூரில் ஆள் இருக்கிறார், வழியும் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் போக அவருக்குக் கால் வரவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு டீ வந்தது. விடுப்பு விண்ணப்பமும் சான்றிதழுமாக அவர் எழுந்ததைப் பார்த்து, "என்னா சார், காமாலையா?" என்று கொளஞ்சியப்பன் கையை நீட்டினார். உத்திராபதி கொடுக்கவில்லை. அன்று நின்ற அதே இடத்தில் நின்று, தன் பெயர், தன் வயது, தன் நோய் என்று சத்தமாக வாசித்தார். நோயின் பெயர் வந்ததும் குரல் உடைந்தது.

"ஜெயராணிக்கு இருந்ததும் இதேதான்" என்றார். "அன்னிக்குச் சிரிச்ச மாதிரி சிரிங்கய்யா."

யாரும் சிரிக்கவில்லை. கொளஞ்சியப்பன் எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "இதுக்கு ஏன் சார் கண்கலங்குறீங்க? போயி நல்லா ரெஸ்ட் எடுங்க. நாங்க பாத்துக்குறோம்."

உத்திராபதிக்கு மானம் போனது அப்போதுதான். 'நல்லா ரெஸ்ட் எடுங்க' என்பது, சொல்வதற்கு இவ்வளவு லேசான வார்த்தையா! இரண்டு வருஷத்துக்கு முன்னால் சான்றிதழை நீட்டியபடி அவர் மேசை முன்னால் ஜெயராணி நின்றாள். அவளை உட்காரக்கூட அவர் சொல்லவில்லை.