தார்ரோட்டுப் புள்ளிகள்

வேளாண் அலுவலகத்தில் அவளுக்கு ‘போட்டோ அக்கா’ என்று பெயர். விவசாயிகள் செல்போனில் எடுத்து அனுப்பும் இலைப் படங்களைப் பார்த்து, என்ன நோய் என்று குறிப்பது அவள் வேலை. படத்தோடு எடுத்த இடமும் சேர்ந்து வரும். அவள் குறித்ததும் கணினி வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். ஒரு நாளைக்கு முந்நூறு படம். பாதிப் படங்களில் இலையைவிடக் கட்டைவிரல்தான் பெரிதாக இருக்கும். அவள் சலித்துக்கொண்டதே இல்லை.

அந்த வாரம் தக்காளியில் இலைச்சுருள் நோய் கிளம்பியது. நாற்பத்தொரு படங்கள். வெள்ளை ஈ பரப்பும் நோய் என்பதால், காற்று வீசும் பக்கத்து வயல்களில் மருந்தடிக்கச் சொல்ல இருந்தார் அதிகாரி.

“சார், கொஞ்சம் வந்து பாருங்க. காத்து கிழக்கே அடிக்குது. புள்ளியெல்லாம் தார்ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு வடக்கே போகுது. ஈ என்ன பஸ் ஏறியா போகும்?”

அதிகாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. படம் அனுப்பிய அத்தனை பேருக்கும் போன் போட்டு, நாற்று எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். முப்பத்தெட்டுப் பேர் ஒரே வண்டியைச் சொன்னார்கள். அது அவள் அக்கா கணவரின் நாற்றுப்பண்ணை வண்டி.

அது யார் வண்டி என்று அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். பண்ணைக்கு வேறு யாரையாவது அனுப்பலாம் என்றார் அவர்.

“வேண்டாம் சார். மத்தவங்க சொல்லித் தெரிஞ்சா மாமா உடைஞ்சு போயிடுவாரு.”

ஆனால் பண்ணைக்குப் போய் அவள் சொன்னதும் மாமா கொதித்தார். “என் நாத்துல நோயா? யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?”

அவள் வாதாடவில்லை. நாற்று வளரும் நிழல்வலைக் கூடாரத்துக்குள் அவரைக் கூட்டிப்போய் ஒரு நாற்றைத் தட்டினாள். மாவு தூவியதுபோல வெள்ளை ஈக்கள் எழும்பின. மூலையில் வலை முழங்கை நுழையும் அளவு கிழிந்திருந்தது.

மாமா அந்தக் கிழிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, “ஏத்தினதை எல்லாம் இறக்குப்பா” என்றார். அன்றே நாற்றுகள் முழுவதும் குழிக்குள் போயின. வாங்கியவர்களுக்கு அவரே போன் செய்து, சுருண்ட செடிகளைப் பிடுங்கிப் புதைக்கச் சொன்னார். அக்கா மட்டும் தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஒரு மாதத்தில் புதுப் புள்ளிகள் நின்றன. வடக்கே மீதி ஊர்களின் தக்காளி தப்பியது. புது வலை கட்டி வளர்த்த நாற்றுகளை அனுப்பும் முன் மாமா அவளை வரச்சொன்னார்.

“நீ பாத்து சரின்னாதான் வண்டி கிளம்பும்.”

அவள் ஒவ்வொரு நாற்றுத் தட்டாகக் குனிந்து, இலைகளைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. நிமிர்ந்தபோது, தண்ணீர்ச் சொம்போடு அக்கா நின்றிருந்தாள்.

“குடி. அந்தக் கடைசி வரிசையையும் பாத்துடு. உன் கண்ணுக்குத் தப்பினா வேற யார் கண்ணுலயும் படாது.”