பூஜ்யம் காட்டிய மீட்டர்

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. உயரமான கண்ணாடிக் குழாயில் ஜாடியிலிருந்த திராட்சை ரசத்தை ஊற்றி, மிதந்து அளவு காட்டும் ஹைட்ரோமீட்டரை மெல்ல உள்ளே விட்டிருந்தாள். அது கொஞ்சம் ஆட்டம் காட்டிவிட்டு நின்றது. தண்டில் மூன்று அளவுகோல்கள். அடர்த்தியும் சர்க்கரையும் அவளுக்குப் புரியாத கணக்கு. மூன்றாவதில் ‘ஆல்கஹால்’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். ரசத்தின் மட்டம் அதில் சரியாகப் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அவள் கணவருக்கு வீட்டிலேயே ஒயின் போடும் பைத்தியம் பிடித்ததிலிருந்து அவளுக்கு நிம்மதியான தூக்கமில்லை. குடியை விட்டு ஒரு வருஷம் தாண்டிய தம்பி பின்னறையில் இருக்கிறான். அதே வீட்டில் ஜாடி நுரைக்கிறது. சண்டை போட்டுப் பார்த்தாள். “பூட்டித்தானே வெச்சிருக்கேன்” என்றார் விஞ்ஞானி. வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். இன்று வேலைக்குப் போகும்போது, “மீட்டரை விட்டுப் பாத்து வை” என்று அவரே சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். விஞ்ஞானியின் ஒயின் வெறும் சாறாகிப் போனதில் அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

தம்பி காலையிலிருந்து நிலைகொள்ளாமல் திரிந்தான். சாயங்காலம் அவன் மனைவி குழந்தையோடு திரும்பி வருகிறாள். ஒரு வருஷம் குடிக்காமல் இருந்து காட்டினால் சேர்ந்து வாழலாம் என்று சொல்லிவிட்டுப் போனவள். தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தான்.

“என்னக்கா அது?”

“உங்க மாமாவோட ஒயின். ஊத்திக்கிச்சு. சைபர் காட்டுது. வெறும் சாறுதான், குடிக்கிறியா?”

தயங்கித்தான் வாங்கினான். ஒரு வாய் குடித்தவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

“அக்கா, நல்லா பாத்தியா?”

“என் கண்ணால பாத்தேன்டா. நாக்குல படறது வெறும் புளிப்பு.”

தன் நாக்கு சொன்னதை விட்டுவிட்டு அக்கா சொன்னதை நம்பினான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தம்ளரை அவன் மறுபடி நீட்டியபோது, பிள்ளை இப்போதாவது கொஞ்சம் அமைதியானானே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மதியம் சாப்பிட வந்த விஞ்ஞானி மீட்டரைப் பார்த்துக் குதித்தார். “பிரமாதம்! ஒயின் முழுசா ஆயிடுச்சு.”

“ஆல்கஹால் சைபர்னு இருக்கே?”

“அது இனிமே எவ்வளவு ஆகும்னு காட்டற அளவு. ஆரம்பத்துல பன்னிரண்டு இருந்துச்சு. சர்க்கரை தீரத் தீர அது இறங்கும். சைபர்னா, ஆக வேண்டியதெல்லாம் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.”

அவள் பின்னறைக்கு ஓடினாள். தேய்த்த சட்டை கட்டிலில் கிடந்தது. அவனைக் காணோம்.

எங்கே தேடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பாவி, என் கையாலேயே ஊற்றிக் கொடுத்தேனே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தெருவில் ஓடினாள். அவன் முன்பு குடித்துக் கிடந்த மதுக்கடைக்குள் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எதிரே பாட்டில் பாதியாகியிருந்தது.

அவள் கையிலிருந்த போன் அடித்தது. தம்பி மனைவி.

“பஸ் ஏறிட்டோம் அண்ணி. பாப்பாவுக்கு இப்பவே அப்பாகிட்ட பேசணுமாம், ஒரே அடம். குடுங்களேன்.”

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். தம்பி தலை நிமிர்ந்தான். அக்கா நிற்கிறாளே என்று சற்று நகர்ந்து, பெஞ்சில் சிந்தியிருந்ததைக் கையாலேயே வழித்துத் துடைத்து, அவள் உட்கார இடம் விட்டான்.