ரெண்டையும் எடு, இல்லன்னா விடு

தண்டவாளம் பராமரிக்கிற எங்கள் கேங்கில் மெய்ராமுக்குக் கஞ்சன் என்று பெயர். ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துப் பெரிய பாதியை அடுத்தவனுக்கு நீட்டுகிறவன். பனியில் நிற்கிறவனுக்குக் கையுறையைக் கழற்றிக் கொடுக்கிறவன். அவனைக் கஞ்சன் என்று சொல்ல ஒரே காரணம்தான் இருந்தது. அவன் பேட்டரி கடன் கொடுக்கமாட்டான்.

பால்காஷ் ஏரிக்கு மேற்கே, வண்டிகள் எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்கிற ஒரு சைடிங்கில், சக்கரம் கழன்ற பழைய ரயில் பெட்டிதான் எங்களுக்கு வீடு. நான் கேங் மேஸ்திரி, பெயர் சேத்காலி. என் கீழே மெய்ராம், வித்தாலி, குவாத், இன்னும் சிலர். சமையலுக்கு பாத்திகுல், உய்கூர்க்காரி. கோடை வந்தால் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் புல் காய்ந்து வைக்கோலாகிவிடும். ஒரு சிகரெட் துண்டு விழுந்தால் காற்று அந்தத் தீயை அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் லைனில் சிகரெட்டே கூடாது என்று செக்‌ஷன் ஆபீஸில் உத்தரவு போட்டார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து ஊதுகிறவர்களுக்கு உத்தரவு போட்டால் ஆயிற்றா? ஆளாளுக்கு ஒரு வேப், அதாவது நெருப்பில்லாமல் பேட்டரியில் ஓடுகிற மின்சிகரெட், வாங்கிக்கொண்டோம். கடைகளில் அதை விற்கத் தடை வருவதற்கு முந்தைய கோடை அது.

ஒற்றைப் பேட்டரி வேப் எங்கள் வேலைக்குத் தாங்காது, மத்தியானத்துக்குள் செத்துவிடும். எல்லோரிடமும் இருந்தது இரட்டைப் பேட்டரி போடுகிற கனத்த பெட்டி. ஒவ்வொரு பேட்டரியும் கட்டைவிரல் பருமன், அதைவிடக் கொஞ்சம் நீளம். சார்ஜர் பொது. சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடும்போது எல்லாப் பேட்டரியும் அதில் மாறி மாறி ஏறும். ஏறி முடிந்தது ஒரு தகர டப்பாவில் விழும். யாருக்கு வேண்டுமோ எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கொப்பரை பொது, தேநீர் பொது, சோப்பு பொது, பேட்டரியும் பொது. இது என்னுடையது என்று ஒருவன் சொன்னால் கேங்கில் அதைவிட அசிங்கம் கிடையாது.

மெய்ராம் மட்டும் சொன்னான்.

அவன் தன் இரண்டு பேட்டரிக்கும் நீல டேப் சுற்றி அடையாளம் வைத்திருந்தான். இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. சேர்ந்தே சார்ஜரில் ஏறும், சேர்ந்தே இறங்கும். விளக்கு பச்சையானதும் எடுத்துவிடுவான். பெட்டிக்குள் போடும்போது போன தடவை இடப்பக்கம் இருந்ததை இந்தத் தடவை வலப்பக்கம் போடுவான். வெளியே இருக்கும்போது இரண்டும் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் படுத்திருக்கும். சாவி, சில்லறை, ஆணி எதுவும் அதைத் தொடக்கூடாது.

"கல்யாணம் ஆகாத பய நீ. பேட்டரிக்கு மட்டும் நிக்கா பண்ணி வச்சிருக்க பாரு," என்பான் வித்தாலி.

"என் ஜோடி ஓடிப்போகாதுண்ணே. உங்க வீட்டுல எப்படி?" என்பான் மெய்ராம்.

வித்தாலியின் மனைவி அவனை விட்டுக் கரகண்டா நகரத்துக்குப் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் பல் போயிருக்கும். மெய்ராம் சொன்னால் வித்தாலி சிரித்துவிடுவான்.

ஒருநாள் வேலைக்கு நடுவில் வித்தாலியின் பெட்டி படுத்துவிட்டது. ஒரு பேட்டரி மட்டும் கொடு என்று மெய்ராமிடம் கேட்டான். மெய்ராம் தன் பெட்டியையே எடுத்து நீட்டினான்.

"ரெண்டையும் எடு, இல்லன்னா விடு. பெட்டியோட வச்சுக்கங்கண்ணே. ஒத்தையா மட்டும் பிரிக்கமாட்டேன்."

"ஒண்ணு குடுத்தா உனக்கு ஒண்ணு இருக்கும், எனக்கு ஒண்ணு இருக்கும். கணக்கு தெரியாதாடா?"

"உங்களுது எந்தக் காலத்துப் பேட்டரி? அதோட இத சேர்த்தா ஆகாது."

எனக்கு எரிச்சல் வந்தது. "மெய்ராம், என்னடா இது? கேட்டவனுக்கு இல்லன்னு சொல்றது நம்ம பழக்கமா?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "நீங்க ஏன்ண்ணே வித்தாலியண்ணனையும் குவாத்தையும் ஒரே ஸ்லீப்பர்ல போடமாட்டேங்கறீங்க?"

அதைக் கேட்க வேண்டுமா? வித்தாலி எருது, குவாத் நோஞ்சான். தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஸ்லீப்பர் கட்டையைத் தூக்க, இரண்டு முனையிலும் இரண்டு பேரையும் விட்டால் வித்தாலி வேகமாக நடப்பான், பாரமெல்லாம் குவாத்தின் மேல் சாயும், அவன் முதுகு போய்விடும். சம உயரம், சம பலம் பார்த்து ஜோடி போடுவதுதான் மேஸ்திரியின் முதல் வேலை. ஒருவன் ராத்திரி முறை பார்த்துக் களைத்திருந்தால், நன்றாகத் தூங்கி எழுந்தவனோடு அவனைச் சேர்க்கமாட்டேன்.

"அதே கதைதான்," என்றான் மெய்ராம். "பழசு முதல்ல காலியாயிடும். புதுசு நிக்காது, அதையும் சேர்த்து இழுக்கும். காலியானதுக்குள்ளயே தள்ளும். அதுல சூடேறும்."

"ஆளும் பேட்டரியும் ஒண்ணாடா?"

"ஆளுன்னா முடியலன்னா கட்டைய போட்டுட்டு ஓடிருவான். இது ஓடாதுண்ணே. வெடிக்கும்."

எல்லோரும் சிரித்தோம். வித்தாலி இரண்டையும் எடுக்காமல், ஒன்றையும் எடுக்காமல், சாயங்காலம் வரை வாயில் ஒரு புல்லை வைத்துக்கொண்டு கிடந்தான்.

பாத்திகுலைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுவாள். பிளாஸ்க்கில் தேநீர், துணியில் ரொட்டி, கூடவே ஒவ்வொருவரின் வேப்பிலும் திரவம் நிரப்பி, பேட்டரி மாற்றி, வாசலில் வரிசையாக வைத்திருப்பாள். யாரும் கேட்டதில்லை. அவளும் ஊதுகிறவள். காலையில் அது இல்லாமல் மனுஷன் வேலைக்குப் போகக்கூடாது என்பது அவள் நினைப்பு. ஒருநாள் காலை என் பேட்டரியில் ஒன்றின் மேலுறை கிழிந்து உள்ளே தகரம் தெரிவதைப் பார்த்திருக்கிறாள். இது ஆகாது என்று அதை எடுத்து ஒதுக்கிவிட்டாள். அது சரி. நூற்றுக்கு நூறு சரி. அந்த இடத்துக்கு டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். ஊருக்குப் போயிருந்த குவாத் விட்டுப்போன கிழட்டுப் பேட்டரி அது. என்னுடையதில் மிச்சம் இருந்தது போன மாதம் வாங்கியது.

பெட்டியைச் சட்டையின் இடது பையில் போட்டுக்கொண்டு லைனுக்குப் போனேன்.

எங்கள் ஊர் வெயிலில் தண்டவாளத்தை வெறும் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேனர் சுடும், பெல்ட்டின் பித்தளை சுடும், குடிக்கிற தண்ணீர் சுடும். இப்படி எல்லாமே சுடுகிற இடத்தில் சட்டைப்பையில் ஒரு பொருள் கூடுதலாகச் சுடுகிறது என்று எவனுக்குத் தெரியும்? நிழலில் வேலை செய்கிறவனாக இருந்தால் துள்ளி எழுந்திருப்பான். நான் நெஞ்சில் வெயில் அடிக்கிறது என்று நினைத்து போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

மெய்ராம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, என்னுதுல தண்ணி தீந்துபோச்சு. ஒரு இழுப்பு குடுங்க."

"கஞ்சனுக்கு ஓசியில இழுக்க மட்டும் வாய் இருக்கா?" என்றேன். "ரெண்டு கையும் மாட்டியிருக்கு. பையில இருக்கு, எடுத்துக்க."

அவன் பைக்குள் கையை விட்டான். அவன் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். பெட்டியைப் பிடுங்கினான். தையல் கிழிந்து பையும் கூடவே போயிற்று. காதருகே வைத்தான். எனக்கே கேட்டது, கெட்டில் கொதிக்க ஆரம்பிக்கும்போது வருகிற சின்னச் சீறல்.

வேறொருவனாக இருந்தால் எட்டி வீசியிருப்பான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வீசினால் எங்கே விழும்? இந்தப் பக்கம் காய்ந்த புல், அந்தப் பக்கமும் காய்ந்த புல். காலடியில் எண்ணெய் ஊறிய பழைய மர ஸ்லீப்பர். காற்றும் அன்றைக்கு எங்கள் ரயில் பெட்டி இருக்கிற திசையில் அடித்தது. அங்கே பாத்திகுல் தனியாக, அடுப்போடும் கேஸ் சிலிண்டரோடும்.

ட்ராலி கொஞ்ச தூரத்தில் நின்றது. அதில் தீயணைக்க ஒரு வாளி மணல் உண்டு. மெய்ராம் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அதை நோக்கி ஓடினான்.

பாதி வழியிலேயே வெள்ளைப் புகை பீறிட்டது. "போட்டுருடா! போட்டுருடா!" என்று நான் கத்துகிறேன். அவன் போடவில்லை. அடுத்து ஒரு சுடர் சீறி அவன் விரல்களுக்கு நடுவே வந்தது. அவன் வாயிலிருந்து வந்த சத்தம் மனுஷன் போடுகிற சத்தம் இல்லை. அப்போதும் போடவில்லை. வாளிக்குள் முழங்கை வரை கையைச் சொருகிப் பெட்டியை மணலுக்குள் அழுத்தி, கையை உருவிக்கொண்டு பின்னால் விழுந்தான். உள்ளே டப் என்று ஒரு சத்தம். மணல் எழும்பி அடங்கியது.

எல்லோரும் தண்ணீர் கேனோடு ஓடினோம். குடிப்பதற்கு வைத்திருந்தது முழுவதையும் அவன் கையில் ஊற்றினோம். வலது உள்ளங்கையிலும் மூன்று விரல்களிலும் தோல் வெள்ளையாகச் சுருண்டிருந்தது.

வித்தாலி அவன் தலையைத் தன் தொடையில் வைத்துக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே திட்டினான். "கஞ்சப்பய! தீயக்கூட எவனுக்கும் பங்கு குடுக்கலியேடா நீ!"

மெய்ராம் பல்லைக் கடித்தபடி, "உங்களுக்கு ஒத்தையா குடுத்தா ஆகாதுண்ணே," என்றான்.

நான் ரயில்வே கன்ட்ரோலுக்குப் பேசினேன். வந்துகொண்டிருந்த சரக்கு வண்டியை எங்கள் சைடிங்கில் நிறுத்தி, எஞ்சினிலேயே அவனை ஏற்றி பால்காஷ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டாக்டர் மறுநாள் போனில் சொன்னார்: உயிருக்குப் பயமில்லை, விரலும் போகாது. ஆனால் தோல் இறுகிவிட்டால் கை மூடாது. மூடுமா மூடாதா என்று கட்டு பிரித்த பிறகுதான் தெரியும்.

கை மூடாதவனுக்கு எங்கள் வேலையில் என்ன இடம்? கடப்பாரை பிடிக்க முடியாது, இடுக்கி பிடிக்க முடியாது. லெவல் கிராசிங்கில் கொடி காட்டக்கூட இப்போது ஆள் எடுப்பதில்லை. என் நெஞ்சில் விழ வேண்டிய ஓட்டையை அவன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு போனான். நான் ரொட்டி மெல்லும்போதெல்லாம், உயிரோடு உட்கார்ந்து மெல்கிறேனே என்று தோன்றும். நெஞ்சைத் தடவிப் பார்ப்பேன். இருக்கிறது. சட்டைப்பைதான் இல்லை.

பாத்திகுல் மூன்றாவது நாள் என் முன்னால் வந்து நின்றாள். "மேஸ்திரி, நான்தான் போட்டேன். என்னை அனுப்பிருங்க."

"உன்னை அனுப்பிட்டு யார் சமைக்கறது, வித்தாலியா? அதுக்கு நான் அந்தப் பேட்டரிலயே செத்திருக்கலாம்," என்றேன். "கிழிஞ்சத எடுத்தியே, அது என் பையில இருந்தா அதுக்கு முந்தியே தீப்பிடிச்சிருக்கும். நல்லதுதான் பண்ணின. பாதி பண்ணின. மீதி எங்க யாருக்கும் தெரியல. சொன்னவன பார்த்து எல்லாருமா சிரிச்சோம்."

அவள் அழுது முடித்துவிட்டு, தகர டப்பாவை எடுத்துவந்து தரையில் கவிழ்த்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். எது எப்போது வாங்கியது, எது எதோடு வந்தது என்று ஒரே சண்டை. ஜோடி தெரிந்ததற்கெல்லாம் அவள் ஆளுக்கொரு நிறத்தில் டேப் சுற்றி, ஜோடிக்கொரு பிளாஸ்டிக் கூடு கொடுத்தாள். ஜோடி தெரியாதவற்றை ஒரு வாளி மணலுக்குள் வைத்து, நகரத்தில் பழைய பேட்டரி வாங்குகிற இடத்துக்கு அனுப்பினோம். அன்றிலிருந்து யார் பேட்டரி கேட்டாலும், கேட்கப்பட்டவன் பெட்டியோடு எடுத்துக் கொடுப்பான். முதல் தடவை அப்படிக் கொடுத்தது வித்தாலி. கொடுத்துவிட்டு, என்னவோ தன் குதிரையையே கொடுத்தவன்போல உட்கார்ந்திருந்தான்.

புல் மஞ்சளிலிருந்து சாம்பல் நிறமான பிறகு மெய்ராம் வந்தான். கட்டு இல்லை. உள்ளங்கை இளஞ்சிவப்பாக, பச்சைப்பிள்ளையின் தோல்போல மின்னியது. பாத்திகுல் காலையிலிருந்தே எண்ணெய் வைத்து ஷெல்பெக் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஆபத்து விலகினால் ஏழு ரொட்டி சுட்டு துஆ ஓதி எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். அவள் ஏழோடு நிறுத்தவில்லை. வாசம் பிடித்து, சைடிங்கில் ஒதுங்கி நின்ற சரக்கு வண்டியின் டிரைவர்கூட வந்து உட்கார்ந்துவிட்டார்.

யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை. அதாவது எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாத்திகுல் தேநீர்க் கிண்ணத்தை அவன் இடது பக்கமாக வைத்தாள். அவன் வலது கையை நீட்டினான். விரல்கள் கிண்ணத்தைச் சுற்றி மெதுவாக மடங்கின. கடைசி இரண்டு விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. மற்றவை பிடித்தன. கிண்ணம் ஆடி, தேநீர் கொஞ்சம் அவன் முழங்காலில் சிந்தியது. வாய்வரைக்கும் கொண்டுபோய்க் குடித்தான்.

"என்ன எல்லாரும் வாயப் பொளந்துட்டு பாக்கறீங்க? தேநீர் குடிக்கறவன பார்த்ததே இல்லியா?"

"கஞ்சன் தேநீரை சிந்தி இப்பதான் பார்க்கிறோம்," என்றான் வித்தாலி.

"பிடி வந்திருச்சுண்ணே," என்று மெய்ராம் என்னைப் பார்த்துச் சொன்னான். "குளிர்காலத்துக்குள்ள கடப்பாரை பிடிச்சிரலாம்னு டாக்டர் சொன்னார். அதுவரைக்கும் பந்து அமுக்கச் சொல்லியிருக்கார்."

சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவளைப் பார்த்து, "உன் கை நோவு காணாதிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பது எங்கள் பழக்கம். எல்லோரும் பாத்திகுலிடம் சொன்னார்கள். நானும் சொன்னேன். பிறகு மெய்ராம் பக்கம் திரும்பினேன். எனக்குப் பேச வராது. வேலைக்கு ஆள் கூப்பிடத் தெரியும், திட்டத் தெரியும், அவ்வளவுதான். அவன் வலது கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். அதே வார்த்தையைத்தான் அவனிடமும் சொன்னேன்.

"மெதுவாண்ணே," என்றான் அவன். "தோல் இன்னும் புதுசு."

மெதுவாகவே பிடித்துக்கொண்டிருந்தேன்.