சாம்பிராணி குடித்த கம்ப்யூட்டர்

சுதாவின் கம்ப்யூட்டர் நின்று போனதில் அந்த வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. மாமியார் வள்ளியம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. புருஷன் ஆனந்தன், "போனா போவுது வுடு" என்று சொல்லிவிட்டு அரக்கோணத்துக்கு வேலைக்குப் போக ரயிலைப் பிடிக்க ஓடினான். அவனுடைய அண்ணன் தணிகைவேல் ஒருவன்தான் "ஐயோ பாவம்" என்றான். அந்த ஐயோ பாவத்தைக் கேட்டபோதுதான் சுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது அவளுடைய கம்ப்யூட்டர். மணவூரிலிருந்து அவளுடைய அப்பா பீரோ, கட்டிலோடு சேர்த்து சீராக அனுப்பியது. இரண்டே வருஷத்தில் காவடி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், எது அடிக்க வேண்டுமானாலும் திருத்தணி ஜனம் சுதாவைத் தேடி வந்தது. தமிழை அவ்வளவு வேகமாகப் பிழையில்லாமல் அடிக்க அந்த ஊரில் வேறு ஆளில்லை. ஸ்டேஷன் பக்கம் 'டிடிபி, இன்டர்நெட், கம்ப்யூட்டர் சர்வீஸ்' என்று போர்டு மாட்டியிருந்த தணிகைவேலின் கடையைத் தாண்டித்தான் அவர்கள் வந்தார்கள். அதுதான் தகராறு. மற்றதெல்லாம் அதன் மேல் போர்த்திய துணி.

இரண்டாயிரத்து நாலு, ஆடி மாசம். கிருத்திகைக்குப் பத்து நாள்கூட இல்லை. அம்மையார்குப்பத்துக் காவடிக்காரர்களின் நோட்டீஸை அடித்துக்கொண்டிருந்தபோது பெட்டி பட்டென்று அணைந்தது. கரண்டு இருந்தது. மறுபடி போட்டால் இருபது நிமிஷம் ஓடி அணைந்தது. மறுநாள் பத்து நிமிஷம். அதற்கும் மறுநாள் ஐந்து.

தணிகைவேல் வந்து பார்த்தான். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, மேலே இரண்டு தட்டுத் தட்டினான்.

"மதர்போர்டு போச்சு சுதா. இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போற? நான் கடைக்கு எட்துகினு போய் பார்ட்ஸ கழட்டிக்கறேன். நீயும் அங்கியே வந்து உக்காந்து டைப் அடி. நம்ம கடதான?"

நம்ம கடையாம்! அவன் சொல்லும் 'நம்ம'வுக்குள் தான் இல்லை என்பது சுதாவுக்குத் தெரியாதா? அங்கே போனால் அவன் நாற்காலி, அவன் மேஜை, அவன் வைத்ததுதான் நேரம். பெட்டி இந்த வாசற்படியைத் தாண்டினால் அவளுக்கென்று இருந்த ஒரே வேலையும் தாண்டிப் போய்விடும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டோவோடு வருகிறேன் என்றான். வள்ளியம்மாள் சரி என்று தலையாட்டினாள். பெட்டிக்குச் சொந்தக்காரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாமியார் மலைக்குப் போனதும் சுதா வேலையில் இறங்கினாள். யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகினாள். ஓடியது, அணைந்தது. வயரை மாற்றினாள். அதே கதை. பிறகு பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தாள். முன்பெல்லாம் அங்கே சூடான காற்று கையில் அடிக்கும். இப்போது காற்றே இல்லை. ஆனால் ஒரு வாசனை வந்தது.

சாம்பிராணி வாசனை. வீட்டில் அன்று இன்னும் சாம்பிராணி போடவே இல்லை.

வயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூவைக் கழற்றிப் பக்கத் தகட்டை இழுத்தாள். பிராசஸரின் மேல் இருந்த சின்ன ஃபேனும் பின்பக்கத்து ஃபேனும் கறுப்புப் பிசின் அப்பி, விரலால் தள்ளினாலும் சுற்றாமல் நின்றன. சின்ன ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் தூசியும் கரியும் கம்பளி மாதிரி அடைத்திருந்தன.

ஒவ்வொரு வெள்ளியும் வள்ளியம்மாள் தூபக்காலோடு வீட்டைச் சுற்றி வருவாள். சாமி படம், பீரோ, தையல் மெஷின், கடைசியில் கம்ப்யூட்டர். அங்கே மட்டும் நின்றுவிடுவாள். முன்பக்கம் கீழே இருக்கும் துளைகளுக்கு நேராகக் காட்டினால், புகை கலையாமல் சரசரவென்று உள்ளே போகும். "பாரு, சாமியே ஏத்துக்கிது" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். சாமி காரியத்தில் வாய் வைத்தால் நாள் முழுக்கச் சண்டை என்று சுதா பேசாமல் இருந்தாள். அந்தப் புத்தியை நினைத்து இப்போது தன் தலையிலேயே ஒரு போடு போட்டுக்கொண்டாள்.

பெயிண்ட் பிரஷ்ஷால் கரியைத் தட்டித் தட்டிப் பேப்பரில் கொட்டினாள். இரண்டு ஃபேனையும் தனியாகக் கழற்றி ஸ்பிரிட் தொட்ட துணியால் இறக்கை இறக்கையாகத் துடைத்தாள். திருப்பி மாட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றாள்.

"அடிப்பாவி! பெரியவன் வர்றதுக்குள்ள அறுத்துப் போட்டுட்டியா?"

"உங்க சாம்பிராணிதான் அத்தே இது. வவுறு முட்டக் குடிச்சிட்டு மூச்சு வுட முடியாம நிக்குது." சுதா கரிப் பேப்பரை அவள் காலடியில் தள்ளினாள்.

"சாமி புகை மேல பழி போடறியா? நான் இன்னா கண்டேன்? சித்திரையில பெரியவன்தான் சொன்னான். பின்னாடி காட்னா வெளிய தள்ளிடும் மா, மின்னாடி ஓட்டையாண்ட காட்டு, உள்ள இழுத்துக்கும், மிஷினுக்கு நல்லதுன்னு."

ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன் சொன்ன யோசனை! உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு.

"எம் புள்ள வேணும்னு செஞ்சான்னு சொன்னே, நாக்கு அழுகிடும்" என்றாள் வள்ளியம்மாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. அவரே சொல்லட்டும். நீங்க உள்ள போயி தணலு போடுங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க, அது போதும்."

சரியாகப் பதினோரு மணிக்கு ஆட்டோ வந்தது. தணிகைவேல் கயிறும் கையுமாக உள்ளே வந்தான். மூடி வைத்த பெட்டியின் பக்கத்தில் சுதா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எட்துகினு போலாமா?"

"ஆங், போலாம் பாவா. ஒண்ணு கேக்கணும். நான் கடைக்கு வந்துட்டா வெள்ளிக்கிழம சாம்பிராணியும் நான்தான் போடணுமா?"

தணிகைவேல் பெரிதாகச் சிரித்தான். ஜெயித்தவனுக்கு வாய் நீளம். "நல்லா கேட்ட போ! கம்ப்யூட்டர் கீற ரூமுல ஊதுபத்திகூட ஏத்த வுடமாட்டேன். புகைய உள்ள இழுத்துச்சின்னா மூணே மாசத்துல ஃபேன் அடச்சிக்கும். அப்பால சூடேறி ஆஃப் ஆயிடும். இதெல்லாம் நீ இனிமேதான் கத்துக்கணும்."

பூஜை அறை வாசலில் வள்ளியம்மாள் நின்றிருந்தாள். கையில் தூபக்கால் குபுகுபுவென்று புகைந்தது. சித்திரை, வைகாசி, ஆனி என்று அவள் உதடு எண்ணியதைச் சுதா பார்த்தாள்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன்டா ஓட்டையாண்ட காட்டச் சொன்ன?"

"அது... மா... நான் இன்னா சொன்னேன்னா..."

"சாமிக்குன்னு நெனச்சிகினு காட்டனேன்டா. கன்னத்துல போட்டுகினு காட்டனேன்." அவள் நேராக வந்து தூபக்காலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்தா, நீ இழு."

அவன் இருமிக்கொண்டே வாசலுக்குப் போனான். கயிறு கூடத்திலேயே கிடந்தது. வெறும் ஆட்டோ திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

சுதா பிளக்கைச் செருகி சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் சுற்றியது. பின்பக்கம் கையை வைத்தாள், காற்று அடித்தது. அம்மையார்குப்பத்து நோட்டீஸைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து அடிக்கத் தொடங்கினாள். ஐந்து நிமிஷம் போனது, இருபது போனது, பெட்டி அணையவில்லை.

அதற்குள் வள்ளியம்மாள் சாமி படத்துக்கும் பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் புகை காட்டிவிட்டுக் கம்ப்யூட்டரிடம் வந்தாள். இரண்டடி தள்ளியே நின்றாள். மன்னிப்புக் கேட்கிற ஜாதியா அவள்?

"உம் பொட்டிக்கு இனிமே சாமியும் கெடையாது, பூதமும் கெடையாது, போ" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம் அத்தே" என்றாள் சுதா, திரும்பிப் பார்க்காமல்.