ஆல்டோவின் காப்பியில் சர்க்கரை

1

இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதமாக இருந்திருக்க வேண்டியது. நெரினாக்கா என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

"தம்பி, அந்த வக்கீலம்மாவுக்கு நாலு வரி நன்றி எழுதிக் குடு. நான் எழுதினா மளிகைச் சீட்டு மாதிரி வரும். நீதான் கதையெல்லாம் எழுதுறியாமே."

எழுதுகிறேன்தான். வருஷத்தில் பாதி நாள் இங்கம் ஊர்ப் பக்கத்துக் கரும்புக் காடுகளில், வெட்டிய கரும்பை ஆலை ரயிலுக்கு இழுத்துப் போகும் வண்டியை ஓட்டுகிறேன். மீதி நாளில் தமிழில் எழுதுகிறேன். அறுவடை ஆட்கள் கூடும் கொட்டகையில் என் பெயரே 'பேனா'தான். இரண்டு வேலைக்கும் முதுகுவலி ஒன்றே. நாலு வரி என்ன பெரிய காரியம் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் அக்காவின் கணவரும் கரும்புக் காட்டுக்குச் சொந்தக்காரருமான ஆல்டோ வந்துவிட்டார். அவர் வந்தால் காப்பி வரும், காப்பி வந்தால் சர்க்கரை வரும். கடிதம் கைநழுவிப் போய்விட்டது.

(ஒரு விஷயம். நேரில் 'வாங்கக்கா, போங்கக்கா' என்றுதான் பேசுவேன். கதைக்குள் 'அவள்' என்று எழுதப்போகிறேன். கதாபாத்திரத்துக்கு ரொம்ப மரியாதை கொடுத்தால் அது நாற்காலியை விட்டு எழுந்திருக்காது.)

2

முதல் தொடக்கம்: "கரும்புத் தோகைகளின் மேல் பொழுது புலர்ந்தது. முப்பத்து மூன்று வருட இல்லறத்தின் சுமை நெரினாவின் கண்களில்—"

அடித்துவிட்டேன். சுமையைக் கண்ணில் பார்த்தவர் யார்?

இரண்டாவது: "விவாகரத்து என்ற சொல்லை நெரினா முதன்முதலில் உச்சரித்தபோது—"

இதுவும் போச்சு. அவள் அந்தச் சொல்லை உச்சரிக்கவே இல்லை. அறுவடை தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "ஆல்டோ, எனக்குப் போதும். இனிமே நீ வேற, நான் வேற," என்றாள். ஆல்டோ கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சரி சரி, காலைல பேசிக்கலாம்." காலையில் கரும்பு வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பேசவில்லை. அவள் பின்கட்டு அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள்.

(இது நெரினா சொல்லி நான் கேட்டது, பார்த்ததில்லை. கேட்டதையும் பார்த்ததையும் கலக்கக் கூடாது. எனக்கு இந்த ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்பது பிறகு தெரியும்.)

வீட்டை விட்டே போயிருக்கலாமே என்பீர்கள். எங்கே போவாள்? அறுவடை ஆட்கள் எல்லாருக்கும் அவள்தான் சமையல். அதற்குக் கிடைக்கும் கூலி ஒன்றுதான் அவள் பெயரில் வந்த காசு. ஆக, கூரை ஒன்று, அடுப்பு ஒன்று, ஆள் வேறு வேறு.

3

மூன்றாவது தொடக்கம் நிற்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டு அறுவடை வந்து போன பிறகு, நெரினா நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஊரில் இருந்த வக்கீல் அலுவலகத்துக்குப் போனாள். முன்மேசையில் இருந்த பெண்ணை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"வாங்க நெரினா. எதிர்த்தரப்பு பேரு?"

"உனக்குத் தெரியாதாக்கும். ஆல்டோதான்."

தட்டச்சு நின்றது. "ஐயோ. நாங்க ஆல்டோவோட ஆளுங்களாச்சே. அவர் நிலப் பத்திரமெல்லாம் இங்கதான் இருக்கு. உங்களுக்காக நாங்க பேச முடியாது."

"அப்ப நான் யாரோட ஆளு?"

அந்தப் பெண் திரும்பத் தட்டச்சில் குனிந்துகொண்டாள். 

தமிழில் நாம் வக்கீலை 'வைக்கிறோம்'. கடை வைப்பதுபோல, குழம்பு வைப்பதுபோல. நெரினா அதுவரை வைத்ததெல்லாம் குழம்பு மட்டும்தான், அதுவும் தக்காளிக் குழம்பு. அன்று பக்கத்துப் பெரிய நகரமான டவுன்ஸ்வில்லுக்கு வண்டியை விட்டபோதுதான் தனக்கென்று ஓர் ஆளை வைக்கப் போனாள்.

வக்கீல் ரொவீனா பிளைத்தின் அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. குளிர்சாதனம் ஓடவில்லை, மேசை விசிறி காகிதங்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு எங்கும் போய்ப் பழக்கமில்லாத நெரினா ஓர் ஆரஞ்சு கேக் கொண்டுபோயிருந்தாள். ரொவீனா கூச்சப்படாமல் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "உங்களுக்கு என்ன வேணும்?"

"பாதி நிலம்னு சொல்லணுமா?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். உங்களுக்கு என்ன வேணும்?"

நெரினா யோசித்தாள். "ரொட்டி வாங்கப் போனா, தபாலாபீஸ் போனா, 'ஆல்டோ எப்படி இருக்கார்?'னு கேக்குறாங்க. 'தெரியாது, அவரையே கேளுங்க'ன்னு சொல்லணும். பொய்யில்லாம சொல்லணும்."

"அது சட்டத்துல இருக்கு," என்றாள் ரொவீனா. "பேருதான் வேற."

நெரினா அங்கேயே அழுதுவிட்டாள். துக்கத்தில் இல்லை. அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டாரே என்ற நன்றியில். (என் ஊகமில்லை, அவளே சொன்னாள்.)

4

சட்டம் கேட்பது பன்னிரண்டு மாதப் பிரிவு. ஒரே கூரையின் கீழும் பிரிந்து வாழலாம். ஆனால் பிரிந்துதான் வாழ்ந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். ரொவீனா போட்ட விவாகரத்து மனுவுக்கு ஆல்டோ வக்கீல் வைக்காமல், தன் கைப்படவே மறுப்பு எழுதிப் போட்டார்: "பிரிவும் இல்லை ஒன்றும் இல்லை. தினமும் என் மனைவி போட்ட காப்பியைத்தான் குடித்தேன். அறுவடை ஆட்கள் எல்லாரும் சாட்சி."

காப்பியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. காலையில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் கொட்டகையில் காப்பி குடிப்போம். அதற்கு ஸ்மோக்கோ, அதாவது புகை இடைவேளை, என்று பெயர். இப்போது யாரும் புகைப்பதில்லை, பெயர் மட்டும் நிற்கிறது. நெரினாதான் தட்டில் வைத்துக் கொண்டுவருவாள்.

நீதிமன்றம் ஆல்டோவை நம்பினால் அத்தனையும் வீண். நெரினா வீட்டை விட்டு வெளியேறி, அன்றிலிருந்து இன்னொரு வருடத்தை எண்ணத் தொடங்க வேண்டும், அறுபத்தொரு வயதில்.

"அவருக்கும் ஏன் காப்பி குடுத்தீங்க?" என்று கேட்டாள் ரொவீனா.

"அத்தனை பேர் நிக்கறாங்க. ஒருத்தனை மட்டும் போடான்னு சொல்லவா? அது அறுவடைக் காப்பிம்மா. கல்யாணக் காப்பி இல்ல."

"ரெண்டுக்கும் வித்தியாசம் பாத்த ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

அந்த ஆள் நான்.

5

நான் கண்டதைச் சாட்சியமாக மூன்று பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ரொவீனா பேனாவைத் திறந்தாள்.

"அன்று கொட்டகையில் ஒரு மௌனப் புயல் வீசியது."

"வானிலை அறிக்கையா கேட்டேன்?" அடி.

"ஆல்டோவின் முகத்தில் முதன்முறையாகத் தனிமை—"

"தனிமையைப் பாத்தீங்களா? எந்தப் பக்கமா நின்னுச்சு?" அடி.

"நெரினாவின் உள்ளம் உறுதியாக—"

இதற்குக் கோடு மட்டும் போட்டாள்.

"நீங்க கதை எழுதுறவரா?"

"ஆமா."

"நெனச்சேன். பாத்ததைச் சொல்லுங்க. கப் எங்க இருந்துச்சு?"

கப் எங்கே இருந்தது? அதைக் கேட்டதும்தான் எனக்கே தெரிந்தது. பிரிவுக்கு முந்தின அறுவடைகளில் ஆல்டோவின் கப் மட்டும் தட்டில் இருக்காது. நெரினா அதைத் தனியாக எடுத்து, சர்க்கரை போட்டுக் கலக்கி, அவர் கையில் கொடுப்பாள். பிரிந்த வருடம் அறுவடையின் முதல் நாள் எல்லாக் கப்பும் தட்டில் இருந்தன. ஆல்டோ வழக்கம்போலக் கையை நீட்டினார். கை அப்படியே நின்றது. பிறகு தட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இதுல சக்கரை இல்லையே?"

"டப்பா அங்க இருக்கு. போட்டுக்கோ."

வெட்டு இயந்திரம் ஓட்டும் கெவ் சிரித்துவிட்டான். "என்ன ஆல்டோ, ஊருக்கே சக்கரை வெளைய வெக்கறே, உன் காப்பிக்கு ஒரு ஸ்பூன் கெடைக்கலையா?"

ஆல்டோ ஒரு ஸ்பூன் போட்டுக் குடித்துப் பார்த்தார். இன்னொன்று போட்டார். அப்புறமும் ஒன்று. தலையை ஆட்டிக்கொண்டே குடித்து முடித்தார். அந்த அறுவடை முழுக்க, அடுத்த அறுவடையிலும், அவர் கப் தட்டில்தான் இருந்தது.

இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம் வந்தது, அலங்காரம் எதுவும் இல்லை. "நீங்க எழுதினதுலயே இதுதான் உருப்படியா இருக்கு," என்றாள் ரொவீனா, நான் எழுதிய வேறெதையும் படிக்காமலே. அவள் சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். நெரினாவின் நன்றிக் கடிதத்துக்குள் என் நன்றியும் இப்படிச் சந்தடிசாக்கில் நுழைந்துகொள்கிறது.

6

ஆல்டோவை என்ன செய்வது? வில்லன் இல்லாத விவாகரத்துக் கதை ருசிக்காது என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. முயன்று பார்த்தேன். "ஆல்டோ மேசையில் ஓங்கிக் குத்தி—" குத்தியதில்லை. குடி கிடையாது, அடி கிடையாது, வேறு பெண் கிடையாது. வெள்ளத்தில் என் வண்டி மாட்டிக்கொண்டபோது இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சங்கிலி கட்டியவர் அவர்.

ஒன்றே ஒன்று. நெரினாவுக்குக் காப்பி பிடிக்காது. கொட்டகை ஓரத்தில் தனக்கென்று ஒரு சின்ன பிளாஸ்கில் டீ வைத்திருப்பாள். எனக்குத் தெரியும், கெவுக்குத் தெரியும். முன்பு ஒரு பிறந்தநாளுக்கு ஆல்டோ அவளுக்குக் காப்பி இயந்திரம் வாங்கித் தந்தார். அவர் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் இல்லை. வில்லனாக்க இது போதாது. முப்பத்து மூன்று வருடத்தை முடித்துக்கொள்ளப் போதும் என்று நெரினா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

7

விசாரணை தொலைபேசியில் நடந்தது. ரொவீனாவின் அறையில் நாங்கள் மூன்று பேர். ஆல்டோ தன் வீட்டுச் சமையலறையிலிருந்து பேசினார். இங்கே முடிவுகளைப் பரப்பி வைக்கிறேன்.

முடிவு அ: ஆல்டோ பொய் சொல்கிறார். (எழுதிப் பார்த்தேன். அவர் வாயில் அந்த வசனம் ஒட்டவில்லை.)

முடிவு ஆ: ஆல்டோ தேம்புகிறார், நெரினா மனம் மாறுகிறாள், எல்லாரும் ஆரஞ்சு கேக் சாப்பிடுகிறார்கள். (கேக் மட்டும் உண்மை.)

முடிவு இ: நான் கேட்டது.

"சாட்சி எழுதினதைப் படிச்சீங்களா?" என்றார் நீதிமன்றப் பதிவாளர்.

"படிச்சேன்."

"அந்த வருஷம் உங்க காப்பிக்குச் சக்கரை போட்டது யாரு?"

ஒலிபெருக்கியில் அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டி உறுமுவது கேட்டது. நெரினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆல்டோ 'அவதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னொரு வருடம்.

"நான்தான்," என்றார் ஆல்டோ. "நானேதான் போட்டுக்கிட்டேன். பேனா எழுதினது சரி."

பதிவாளர் பிரிவை ஏற்று உத்தரவு சொன்னார். இன்னும் ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து அது செல்லுபடியாகும் என்று சொல்லிவிட்டு இணைப்பை விட்டுப் போனார். ரொவீனா பொத்தானை அழுத்தக் கையை நீட்டினாள். நெரினா தடுத்தாள்.

"ஆல்டோ. ரொம்ப நன்றி."

எழுதித் தரச் சொன்னது வக்கீலம்மாவுக்கான நன்றியை மட்டும்தான். இந்த நன்றிக்கு அவளுக்கு என் உதவி தேவைப்படவில்லை.

அந்தப் பக்கம் ஓர் இருமல். "நெரினா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"எத்தனை ஸ்பூன் போடுவே?"

(அவளிடம் அவர் முதன்முதலாகக் கேட்ட— அடி. எனக்கெப்படித் தெரியும்?)

ரொவீனா என் தோளைத் தட்டிக் கதவைக் காட்டினாள். என் சாட்சியம் முடிந்துவிட்டது, அவள் வேலையும் முடிந்துவிட்டது. நாங்கள் சத்தமில்லாமல் எழுந்து மாடிப்படிக்கு வந்துவிட்டோம். நெரினா என்ன சொன்னாள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிறகு விசாரிக்கவும் இல்லை.

நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். மேசை விசிறி ஓடுகிறது, நெரினா தொலைபேசியைப் பார்த்தபடி வாயைத் திறக்கிறாள். என்ன சொன்னாள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். காதில் விழுந்ததை மட்டும்.