வந்து திரும்பாத ஒற்றன்

சீன எல்லையை ஒட்டிய எங்கள் முர்காப் மேட்டில் காற்று கொஞ்சம் அதிகம். ஒருமுறை என் யாக் பசுவைத் தூக்கிக்கொண்டு போய், மறுவாரம் பாலைக் கறந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. இப்படிச் சொல்லிச் சொல்லியே எழுபத்தெட்டு வயதாகிவிட்டது. அதுவே இப்போது வினையாகிவிட்டது.

எல்லை முகாமில் இன்றைக்குப் பன்னிரண்டு சிப்பாய்கள். பனியில் புதைந்த லாரியை இழுப்பது, பிள்ளைவலி கண்டவளை ஜீப்பில் ஏற்றிப் போவது, எங்களுக்கு மாவு மூட்டை இறக்குவது, இவைதான் அவர்கள் செய்யும் யுத்தம். சோவியத் காலத்தில் நானூறு பேர். அந்த நானூறு பேரையும் வரவழைத்தவன் நான்.

அப்போதெல்லாம் எல்லை வேலியோரம் நெடுக மண்ணைத் தலைவாரியதுபோல் கீறி வைத்திருப்பார்கள். கால் வைத்தால் தடம் விழும். எழுபத்து நான்காம் வருஷம் என் பசு வேலியில் ஓட்டை கண்டு சீனப் பக்கம் போய்விட்டது. விடவும் முடியாது. வெளியே போகும் தடம் விழுந்தால் தேசத்துரோகி, ஊரையே சோதிப்பார்கள். அதனால் காவல் கோபுரத்துக்குத் தெரியாத ஒரு பள்ளத்தில் பின்னோக்கி நடந்தே போனேன். திரும்பும்போது பசுவின் மேல் ஏறி வந்தேன். குளம்புத் தடத்தை யாரும் கைது செய்வதில்லை.

ஆகவே, தடத்தின்படி சீனாவிலிருந்து ஒருவன் வந்திருக்கிறான், திரும்பிப் போகவில்லை. நாற்பது நாள் ஹெலிகாப்டர் தேடியது. முகாம் பெரிதானது. மின்சாரம் வந்தது. என் வீட்டு விளக்கும் அதில்தான் எரிந்தது.

கோபுரத்தில் நின்றவன் எங்கள் ஊர் மமத்கெரிம். "யாரும் வரல" என்றான். அது சத்தியம். தூங்கிவிட்டான் என்று தண்டனைப் படைக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்து வந்தபோது காலில் மூன்று விரல் இல்லை. நான் வாய் திறக்கவில்லை. அவன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

போன மாதம் கேப்டன் ஹுஷ்னுத் முகாமில் வரலாற்று அறை திறந்தார். ஒரு சுவர் முழுக்க அந்தச் சீன ஒற்றனின் கதை. கீழே, "உறங்கிய காவலாளி மமத்கெரிம்." அவன் மனைவி புருல்ச்சா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது நான்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பசு, பள்ளம், பின்நடை, ஒன்று விடாமல்.

அறை சிரிப்பில் அதிர்ந்தது.

"பெரியவரே, பசு அங்க சீன பாஷை கத்துக்கிச்சா?"

"காத்து கறந்த அதே பசுவா தாத்தா?"

"சிரிக்காதீங்கடா, நெசம்! கேப்டன், அந்தப் பேரை எடுத்துடுங்க."

கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுதிக் கையெழுத்துப் போடுங்க பெரியவரே." போட்டேன். அதைச் சட்டம் போட்டு அடுத்த சுவரில் மாட்டினார், 'நாட்டார் கதைகள்' என்ற தலைப்புக்குக் கீழே.

வெளியே புருல்ச்சா காத்திருந்தாள்.

"நெசமாண்ணே?"

"நெசந்தாம்மா."

திரும்பி முகாம் வாசலைப் பார்த்தாள். "நான் ஒன்னை மன்னிக்கமாட்டேன். ஆனா அவங்க நம்புற வரைக்கும் நீ சொல்லிக்கிட்டே இருக்கணும்."

சனிக்கிழமைதோறும் முகாமுக்குப் போகிறேன். எதையும் கூட்டாமல் சொல்கிறேன். என் வாய்க்கு அது பெரிய கஷ்டம். சிப்பாய்கள் தேநீர் கொடுத்து, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நேற்று ஒரு சிப்பாய் மட்டும் சிரிக்கவில்லை. நம் மொழி தெரியாதவனோ என்று விசாரித்தேன்.

தெரியுமாம்.