தெளிந்து வந்த நீர்

மின்தொடர் வண்டிகள் விடியலின் முதற்கூட்டத்தை ஏற்றிக்கொண்டு தாம்பரத்திலிருந்து வடக்கே விரைய, பச்சைமலையின் வறண்ட பாறைகள் இளங்கதிர் பட்டதுமே கனலத் தொடங்க, ஏரிகள் யாவும் வெடித்த களிமண்ணாய்க் கிடந்த ஈராயிரத்து நான்காம் ஆண்டின் கோடையில், பெரும்பாக்கம் செல்லும் பாதையருகே ஒரு வீட்டின் பின்புறத்தில் மட்டும் பசுமை மிஞ்சியிருந்தது. வளையாதிருக்க நுனியில் கல் கட்டப்பெற்ற புடலங்காய்கள் பந்தலிலிருந்து நீண்டு தொங்கின. அவற்றின் நிழலில் கொத்தவரையும் கத்தரியும் காய்த்திருந்தன. அரிசி களைந்த நீரையும் துணி அலசிய கடைசி நீரையும் சிந்தாமல் சுமந்து அவற்றை வளர்த்தவள் மெஹர் பானு. விடியலில் பறித்த வெண்டைக்காயின் நுனியை ஒடித்து, அது முறியும் மெல்லொலியைக் கேட்கையில் அவள் முகத்தில் தோன்றும் நிறைவை, வேறெந்தப் பொழுதிலும் அவள் கணவன் கண்டதில்லை.

தாம்பரம் கடைத்தெருவில் காலணி விற்கும் பாட்சா அதைச் சொல்லியே அவளைச் சீண்டுவான்.

"எனக்கு ஒரு வாய் டீ வர்றதுக்குள்ள உன் பொடலங்காய்க்கு நாலு பக்கெட் போயிடுது."

"அது உங்கள மாதிரி சக்கர கம்மின்னு சொல்றதில்லையே!"

சிரித்தான். ஆயினும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாளியை இறக்குவதைக் கண்ட நாளில் சிரிக்கவில்லை. "இனிமே நீ தூக்க வேணாம் பானு. போர் போட்டுடறேன்" என்றான்.

நிலம் அதிரத் துளையிட்டு, பாறையையும் கடந்த ஆழத்தில் நீர் பீறிட்டபோது தெருவே கூடிப் பார்த்தது. செம்புழுதி கரைந்த கலங்கல் நீர் அது. தெளியும்வரை தோட்டத்துக்குப் பாயட்டும் என்று துளையிட்டோர் சொல்ல, வீட்டுக்கு வழக்கம்போல் ஊர்தியில் வரும் நீரே போதுமென்று, புதுநீர் முழுவதையும் அவள் செடிகளுக்கே திருப்பினாள். வாளியற்ற கையோடு பந்தலடியில் நின்று, பாத்திகள் நிரம்புவதைப் பார்ப்பதே அவளுக்கு இன்பமாயிற்று.

சில நாளில் கொத்தவரையின் இலையோரங்கள் தீய்ந்தன. பின்னர் வெண்டை, பின்னர் புடலை.

மதிலுக்கு அப்பாலிருந்து கங்கையம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னா பானும்மா, எலயெல்லாம் கருகிக் கீது? தண்ணி காட்றியா இல்லியா?"

"காலைலயும் சாயந்தரமும் விடறேன்க்கா."

"இந்த வெயிலு இன்னா சாதாரண வெயிலா? நானே காஞ்சிகினு கீறேன். மத்தியானமும் வுடு."

நடுப்பகலிலும் விட்டாள். இலைகள் மேலும் சுருண்டன, மேலும் விட்டாள். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் வாயருகே கிண்ணத்தை விடாது பிடித்திருக்கும் தாயைப்போல், குழாயை வேருக்கு வேர் நகர்த்தியபடி நின்றாள்.

ஒரு மாலை, நீர் பளிங்குபோல் தெளிந்து வந்தது. மாலைத் தொழுகைக்குப் பாங்கொலி எழவே, உள்ளே செல்லாமல், அந்தக் குழாயிலேயே கைகளைக் கழுவினாள். ஒரு கை நீரை ஏந்தி வாய் கொப்பளித்தாள்.

உப்பு. கடல்நீரைப்போல் நாவைக் கடிக்கும் உப்பு.

சேற்றுநீரை எவரும் சுவைத்துப் பார்க்கவில்லை. பாத்தியின் ஓரங்களில் படிந்திருந்த வெண்மையை, காய்ந்த மண்ணின் நிறமென்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தாள்.

"தண்ணி தெளிஞ்சிருச்சா பானு?" உள்ளிருந்து உவகையோடு கேட்டான் பாட்சா.

"தெளிஞ்சிருச்சுங்க."

"சொன்னேன்ல! இனி கோடை முழுக்க உனக்குக் கவல இல்ல. எவ்வளவு வேணுமோ விட்டுக்கோ."

குழாயை அடைக்கலாம், அடைத்தாள். மண் குடித்துவிட்டதை மீட்க முடியாது. பெருமழை ஒன்று பெய்தால் கழுவிக்கொண்டு போகலாம். வானிலோ, கண்ணுக்கெட்டிய தொலைவுவரை ஒரு முகிலும் இல்லை. தீங்கு நினைந்து நீளும் கையைக் கண்டால் எவரும் தடுத்துவிடுவர். அன்பு மிகுந்து ஊட்டிய கை, தான் ஊட்டியது இன்னதென அறியும் பொழுதில், அதற்குச் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை. விரலிடுக்கில் நீர் வடிந்து தீர்வதைப் பார்த்து நிற்பதைத் தவிர.